பன்னிரண்டு தலைப்பிரசவங்கள்

எலிகளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாழ்நாள் முழுக்கக் கிசுகிசுத்தே பேசிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் எங்கள் உஷ் டாக்டர்தான். வீட்டிலும் அப்படித்தானாம். "கல்யாணமான நாள்லேந்து என்னமோ ரகசியம் சொல்றாருன்னே கிட்டப் போறேன். பாத்தா, ரசத்துல உப்பு கம்மிங்கிறாரு" என்று அவர் மனைவியே எங்களிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியில் நான் எம்.ஃபார்ம். படித்தேன். ஆய்வு எலிகளை வளர்க்கும் கட்டடம் அவர் பொறுப்பு. கால்நடை மருத்துவர். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளிருந்து "உஷ்!" என்று வரும். கோபம் கூடினால் "தூஸ்மா, தூஸ்மா!" பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; அந்த மொழியில் மெதுவாக என்று அர்த்தம். எங்கள் பிரின்சிபாலே அவருக்குப் பயந்து, கீச்சிடும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் நடப்பார்.

காதாவது பரவாயில்லை, மூக்கு அதைவிட மோசம். உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் மோந்து பார்ப்பார். மல்லிகைப்பூவா, எடு. பவுடரா, கழுவு. ஒருநாள் என்னை இரண்டு தரம் மோந்துவிட்டு முகம் சுளித்தார்.

"வீட்ல பூனை இருக்குதா?"

"பக்கத்து வீட்டுப் பூனை சார். வர்றப்ப கால்ல ஒரசிச்சி."

"திரும்பப் போ. குளி. வேற துணி மாத்திக்கினு வா. அந்தப் பூனை இருக்கிற பக்கமா வராத."

"சார், வெயிலு..."

"கண்ணாடிக் குழாய்ல மருந்த ஊத்துனா அது பயப்படாதும்மா. இது உசுரு. பயந்துச்சின்னா உனக்குக் கெடைக்கிறது மருந்தோட ரிசல்ட் இல்ல, பூனையோட ரிசல்ட்."

எனக்கு அமைந்த ஆய்வு, வாந்தி நிற்கக் கர்ப்பிணிகள் குடிக்கும் ஒரு கீரைச் சாறு. வயிற்றுக் குழந்தைக்கு அது தீங்கு செய்யுமா என்று சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சாறு குடித்தவை பாதி, குடிக்காதவை பாதி, மொத்தம் பன்னிரண்டு. ஒருநாள் விடிகாலையிலிருந்து அவை ஒவ்வொன்றாக ஈன ஆரம்பித்தன. அன்றைக்கென்று பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன்!

மதியமே ஆள் உயர ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்ற முதல் குரலுக்கே கூண்டுக்குள் எலிகள் விறைத்துப்போயின. மிரண்டுபோன தாய் எலி தன் குட்டியையே தின்றுவிடும். உஷ் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு மண்டபத்துக்குக் கிளம்பினார். பின்னாலேயே நான்.

பெண்ணின் அப்பா பெரிய மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். தோரணம் கட்டுபவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பாட்டுச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிக்கணும். பக்கத்துல பிரசவம்" என்றார் டாக்டர், வழக்கமான கிசுகிசுப்பில்.

"அடடா! யாருக்குங்க? உங்க பொண்ணுக்கா?"

"பன்னெண்டு பேருக்கு."

"ஓ, ஆஸ்பத்திரிங்களா?"

டாக்டருக்குப் பொய் வராது. "எலிங்க."

"எலியா?"

"வெள்ள எலி" என்றவர், போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "எல்லாத்துக்கும் தலப்பிரசவம்" என்று சேர்த்தார்.

மண்டிக்காரர் முகம் சிவந்தது. "யோவ், என் மண்டில மூட்ட மூட்டையா கடிச்சி நாசம் பண்ணுதுங்க. அதுங்களுக்காக எம் பொண்ணு கல்யாணத்துல பாட்ட நிறுத்தணுமா? எலிக்கு வளகாப்பு போட்டீங்களா, அதையும் சொல்லு!"

தோரணம் கட்டியவர்கள் கீழே இறங்கி வந்து சிரித்தார்கள். டாக்டர் அசையவில்லை. இந்தச் சாறு, இந்த எலிகள், எதற்காக இதெல்லாம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்போது உள்ளிருந்து மண்டிக்காரரின் மூத்த மகள், நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

"அந்தச் சாற நானும் குடிச்சேன் சார். கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

நான் டாக்டரைப் பார்த்தேன். ஒன்றும் ஆகாதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன?

"ரொம்பக் காலமா குடிக்கிறாங்க, பயப்படாதம்மா. ஆனா சரியாப் பாத்தவங்க யாருமில்ல. அதத் தெரிஞ்சிக்கத்தான் பண்றோம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "ஸ்பீக்கர ரோட்டுப் பக்கம் திருப்பச் சொல்லுப்பா. சத்தமும் ஜாஸ்தி வேணாம்."

அன்று மாலை டாக்டர் மைக்செட்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பாடகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் "தூஸ்மா." கடைசியில் அந்த மனிதர் தாலாட்டுப் போலப் பாட, வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கத்தாமல் நலம் விசாரித்து, நிம்மதியாகச் சாப்பிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை கூண்டுகளைப் பார்த்தோம். குட்டி எலிகளின் தோல் கண்ணாடி மாதிரி. பால் குடித்திருந்தால் வயிற்றில் வெள்ளையாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் தெரிந்தது. டாக்டர் என் காதருகே வந்து, "குடிச்சிருக்குதுங்க" என்றார்.

சாற்றால் எங்கள் எலிகளுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. "எலிக்கு ஒண்ணும் ஆவலன்னு மட்டும் எழுது. மனுசிக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நீயா சேத்துக்காத" என்றார். ஆய்வின் முடிவில் தாய் எலிகளின் உடலுக்குள்ளும் பார்த்தாக வேண்டும். அவற்றைக் கொல்லாமல் அது முடியாது. அன்று எங்களை வெளியே அனுப்பிவிட்டு, குளிர்ந்த கை பட்டு அவை மிரளாதிருக்கக் கையை வெந்நீரில் சூடாக்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தானே எடுத்து முடித்தார்.

பிறகு மூத்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. பக்கத்துக் கதிர்காமத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நானும் டாக்டரும் போனோம். மண்டிக்காரர் வாயெல்லாம் பல்லாக, "உங்க எலிங்கள்லாம் சௌக்கியமா?" என்று கேட்டார்.

"தாயிங்க இப்ப இல்லீங்க. பரிசோதனைக்காக நாங்களே முடிக்க வேண்டியதாப்போச்சி."

சொல்லிவிட்டு, டாக்டர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த மகள் எழுந்து வந்தாள். குழந்தையைக் கொண்டுபோய் அந்தக் கைகளில் வைத்தாள். அவர் மூச்சுவிடக்கூட யோசித்து ஏந்திக்கொண்டார்.

எனக்கும் பிற்பாடு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. யாரிடமாவது தூக்கக் கொடுக்கும்போதெல்லாம், வாங்கிக்கொள்வது அவர் கையாக இருந்தால் தேவலையே என்றுதான் நினைத்துக்கொள்வேன்.