கச்சான் கொலையும் சிஐடி மிஸ்ஸும்

ஓமந்தைப் பக்கத்தில் சிஐடி மிஸ் சந்தேகப்படாத ஆள் ஒருவரும் கிடையாது. கோயில் ஐயரையே மறித்து, காலைத் தூக்கிக் காட்டச் சொன்னவா.

அவா எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியை. உண்மைப் பெயர் கந்தோர்ப் பதிவேட்டில் இருந்திருக்கும், எங்கள் வாயில் இருக்கவில்லை. "சிஐடி வாறா" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த ஒரு மனிதர் பின்வளவால் ஓடி, பின்னேரம்தான் திரும்பி வந்தார். தோட்டப் படலையில் ஒரு வாளி குளோரின் தண்ணியும் பிரஷும் வைத்துக்கொண்டு நிற்பா. செருப்பு, மண்வெட்டி எல்லாம் கழுவினால்தான் உள்ளே விடுவா. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் குறுக்கு வழியாக நடந்துவிட்டார்கள் என்று அவர்களுடைய சப்பாத்தையும் கழுவ வைத்தா. நல்லகாலம், சம்பந்தம் குழம்பவில்லை.

இவ்வளவும் பங்கசுக்காக, பயிரை அழுகவைக்கிற பூஞ்சைக்காக. அதை அவா மரியாதையாக 'அவர்' என்றுதான் சொல்லுவா.

"அவருக்குப் பல்லுமில்லை, நகமுமில்லை. தண்டில ஒட்டிக்கொண்டு நொதியத்தைச் சுரப்பார். செடியின்ர கலச்சுவர் கரைஞ்சு கூழாகும். நாங்கள் திண்டுபோட்டுச் செமிக்கிறம், அவர் செமிச்சுப்போட்டுத் தின்னுறார்."

இதைக் கேட்ட அன்று என்னால் கூழ் குடிக்க முடியவில்லை.

பிறகுதான் அந்த வில்லங்கம் வந்தது. பக்கத்துக் காணி செல்வம் அண்ணையின் கச்சான் கடலைச் செடிகள் வாடத் தொடங்கின. அதுவும் என் வேலியோரமாக, வரிசையாக. அதற்கு முதல் கிழமைதான் எல்லை வேலிக் கதியாலை நான் நகர்த்திவிட்டேன் என்று எங்களுக்குள் வாய்த்தர்க்கம். அண்ணை யோசிக்கவேயில்லை, நான் களைநாசினி அடித்துவிட்டேன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் பங்குக் கிணறு அவர் காணிக்குள் இருந்தது. படலைக்குப் பூட்டுப் போட்டார். என் மிளகாய்க் கன்றுகள் தண்ணியில்லாமல் சுருண்டன. ஞாயிற்றுக்கிழமை கமக்கார அமைப்பின் கூட்டத்தில் என்னை விசாரித்து, பொலிசில் முறைப்பாடு கொடுப்பதாக ஏற்பாடு.

சிஐடி மிஸ் வந்து, முதலில் என்னைத்தான் பிடித்தா. குசினிக்குப் பின்னால் கிடந்த மருந்துப் போத்தல்களை ஒவ்வொன்றாக மணந்து பார்த்தா. என் மனிசியைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து அடித்ததாக அண்ணை சொன்ன செவ்வாய்க்கிழமை இவர் எங்கே நின்றவர் என்று கேட்டா. வீட்டில் நின்றவர் என்று நினைக்கிறன் என்றாளாம் மனிசி. அந்த 'நினைக்கிறன்' எதற்கு என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு வாடிய செடி ஒன்றைப் பிடுங்கினா. அடித்தண்டில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகளவில் மண்ணிற மணிகள். விரலால் அமத்தத் தண்டு நசிந்து போனது. இது மருந்தில்லை, அவர்தான், இந்த மணிகள்தான் அவருடைய விதை என்றா. எனக்குப் போன உயிர் வந்தது. அண்ணை விடுவாரா? அப்படியென்றால் இந்தக் கடுகை இவன்தான் கொண்டுவந்து போட்டிருக்கிறான் என்றார். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொன்னா. வந்த உயிர் பழையபடி போனது.

செருப்பில் ஒன்றுமில்லை. அவா வாடிய செடிகளைப் பார்த்துக்கொண்டே அண்ணையின் படலையிலிருந்து வேலியோரமாக நடந்தா. நானும் பின்னால் போனேன். வரிசை வேப்பமரத்தடியில் முடிந்தது. கிழமைக்கொருதரம் அவா தன் ஸ்கூட்டியை அதே வேலியோரமாக ஓட்டிக்கொண்டு வந்து நிற்பாட்டுகிற இடம் அது. செட்டிகுளத்தில் நோய் பிடித்த தோட்டங்களுக்கும் போய்வருகிற ஸ்கூட்டி. ஊர்ச் செருப்பெல்லாம் கழுவ வைத்த மிஸ், அதன் டயரை ஒருநாளும் கழுவினதில்லை. மட்காட்டில் காய்ந்திருந்த சேற்றைக் குச்சியால் கிண்டினா. உள்ளங்கையில் விழுந்தது அதே கடுகு.

அண்ணை தூரத்தில் நின்றார். கண்டது நாங்கள் இருவர்தான். அவா ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டா. சரி, விஷயத்தை அமத்தப் போறா, பழி எனக்குத்தான் என்று மூன்று நாளும் திட்டித் தீர்த்தேன்.

கூட்டத்தில் எனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் சொந்த மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பின்வரிசையில் இருந்து அவா எழும்பினா.

"இவரில ஒரு பிழையுமில்லை. நோயைக் கொண்டுவந்தது என்ர ஸ்கூட்டி. நான்தான் டயரைக் கழுவேல்லை. முறைப்பாடு குடுக்கிறதெண்டால் என்ர பேரில குடுங்கோ."

அன்று பின்னேரமே அண்ணை பூட்டைத் திறந்தார். அவாவிடம் மேலிடத்தில் விளக்கம் கேட்டு, கொக்கிளாய்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவாவைத் திட்டின அந்த மூன்று நாளை நினைக்க எனக்கு இப்பவும் வெட்கம்தான்.

போன மாதம் செல்வம் அண்ணையும் நானும் ஒரே மோட்டார் சைக்கிளில் அவாவைப் பார்க்கப் போனோம். கண்ணைச் சுருக்கி எங்களை மாறி மாறிப் பார்த்தா.

"என்ன, ரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கிறியள்?"

அண்ணை சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.