எட்டாம் நம்பர் வெந்நீர்

சர்க்... சர்க்... சர்க். பல வருஷங்களுக்கு முன்னால், அந்தத் தெருவில் காலை ஏழே முக்காலுக்கு இந்தச் சத்தம் கேட்கும். மர ஸ்கேலின் விளிம்பு ஒரு முதுகில் ஏறி இறங்குகிற சத்தம். முதலில் யாரோ மரம் இழைப்பதுபோல் நிதானமாக. பிறகு வேகமாக. பிறகு, நெடுந்தூரம் நடந்தவன் உட்கார இடம் கிடைத்தாற்போல ஒரு நீண்ட "ஆ...ஹ்". அந்த "ஆஹ்" கேட்டால்தான் எதிர்வீட்டுக்காரர் தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்.

ஸ்கேலும் முதுகும் பெயின்டருடையவை. பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். வீட்டை ஒட்டிய முன்னறைதான் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கதவுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாலும் அவர் கையெழுத்து தொங்கும். அவர் இழுத்த கோடு நூல் பிடித்தாற்போல் நிற்கும். ஆனால் ஒன்று, அது பத்து மணிக்கு மேல் இழுத்த கோடாக இருக்க வேண்டும். காலையில் குளித்துவிட்டு வந்தால் இரண்டு மணி நேரம் அவர் உடம்பு அவருக்குச் சொந்தமில்லை. அரிப்பு இடுப்பில் தொடங்கும். இடுப்பைக் கவனித்தால் தோள் கோபித்துக்கொள்ளும். தோளைச் சமாதானம் செய்தால் முழங்காலின் பின்பக்கம் மனு கொடுக்கும்.

குளியல் என்றால் சாதாரணக் குளியல் இல்லை. முக்கால் மணி நேரம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர். பாத்திரம் துலக்குகிற நாரைப் போன்ற ஒரு நார். தரை கழுவுகிற சோப்புக்குத் தம்பி முறையான ஒரு சோப்பு. வெளியே வரும்போது வேகவைத்து எடுத்தாற்போலச் சிவந்திருப்பார். துண்டால் உடம்பைத் துடைக்க மாட்டார். பழைய பெயின்டைச் சுரண்டி எடுப்பதுபோல் சுரண்டுவார்.

"தண்ணிதாங்க உங்களுக்கு ஆகல," என்று மனைவி பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்தாள்.

"நீ துணிக்குப் போடுற சோப்புதான் ஆகல," என்று அவரும் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார்.

"போன மாசம் ஹீட்டர் கெட்டுப்போய் நாலு நாள் பச்சைத்தண்ணியில குளிச்சீங்களே, அரிச்சுதா?"

"அந்த நாலு நாளும் நீ துணி துவைக்கலை."

"துவைக்காத சட்டையைப் போட்டதாலதான் அரிக்கலைன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. நீயே சொல்லிட்ட."

இப்படியே இன்னும் பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கும். நடுவில் கண் டாக்டர் வந்து சேர்ந்தார்.

புதிதாக ஆஸ்பத்திரி திறந்த அந்த டாக்டர், கண் பரிசோதிக்கிற பலகை ஒன்று எழுதித்தரச் சொல்லியிருந்தார். மேலே உள்ளங்கை அளவு எழுத்து. வரிக்கு வரி சிறுத்து, கடைசி வரி கடுகு அளவு. பொடி எழுத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கடைக்குள் வெயில் விழுவதோ காலை ஒன்பது மணி வரைதான். பெயின்டர் கடைசி வரியை எட்டரை மணிக்கு எழுதினார். ஒரு கையில் தூரிகை. இன்னொரு கை இடுப்பில்.

பலகை மாட்டிய முதல் நாள், வந்த அத்தனை பேருக்கும் பார்வைக் குறை. இரண்டாம் நாளும் அப்படியே. ஊரே குருடாகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் கவலைப்பட்டார். மூன்றாம் நாள் அவரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போனார். ஒவ்வொரு எழுத்தும் குளிரில் நடுங்குவதுபோல் நெளிந்துகொண்டிருந்தது.

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"பெயின்டரே, பதினேழு பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன். அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஒரு பலகை வேணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த தெருக்காரர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டார்."

அடுத்த தெருக்காரர்! அந்த ஆள் கோணலாக எழுதிவிட்டு அதற்குக் கலை என்று பெயர் வைப்பவர். அவரிடம் இந்தப் பலகை போனால், பெயின்டரின் கை போய்விட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். கை போன பெயின்டருக்குப் பிறகு என்ன மிச்சம்? வெறும் டப்பாக்கள்.

"எழுதறேன் டாக்டர்," என்றார், முழங்கையைச் சொறிந்துகொண்டே.

டாக்டர் தலை மறைந்ததும் மனைவி உள்ளிருந்து வந்தாள்.

"ஆறு நாள். நான் சொல்ற மாதிரி குளிங்க. தண்ணி வெதுவெதுன்னு, அஞ்சே நிமிஷம். அந்த நாரை என்கிட்ட கொடுத்துடுங்க. துண்டால தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவிக்கணும். அதுக்கப்புறமும் அரிச்சுதுன்னா, என் ஆயுசுக்கும் உங்க வெந்நீரைப் பத்திப் பேச மாட்டேன்."

கடைசி வாக்கியத்தில் பெயின்டரின் காது நிமிர்ந்தது. ஆயுசுக்கும் பேச மாட்டாள்! இதற்கு எதிர்ப்பக்கத்தையும் அவர் கணக்குப் பார்த்தார். அவள் சொன்னது சரி என்றாகிவிட்டால், ஆயுசுக்கும் வெதுவெதுப்புத்தான். அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. உலகத்தில் யாரும் அவரைக் கூப்பிடாத முக்கால் மணி நேரம் அந்த வெந்நீர்தான். அதை ஒரு பெண்பிள்ளையின் வாய்ச்சொல்லுக்குத் தாரைவார்ப்பதா?

"சரி," என்றார். இவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அங்கேயே அவள் உஷாராகிவிட்டாள். இது அவருக்குத் தெரியாது.

திட்டம் எளியது. ஹீட்டர் இருப்பது சமையலறைச் சுவரில். குழாயைத் திறந்தால் உடனே சூடு பண்ணித் தரும் சாதி. அதில் ஒரு குமிழ்; குமிழைச் சுற்றி ஒன்று முதல் எட்டு வரை எண்கள். கம்பெனிக்காரன் அச்சடித்த எண்கள் துடைத்துத் துடைத்து அழிந்துபோனதால் பெயின்டரே திரும்ப எழுதியிருந்தார். எட்டுக்கு மட்டும் சிவப்பு, கறுப்பு நிழலோடு. அவருடைய எட்டு எப்போதும் எட்டு.

மனைவி காலையில் குமிழை நாலில் வைத்துவிட்டு, பின்பக்கம் துணி காயப்போடப் போவாள். அவள் தலை மறைந்ததும் பெயின்டர் பூனைபோல் சமையலறைக்குப் போய் நாலை எட்டாக்குவார். ஆவியைப் பார்த்து அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று குளியலறையின் சின்ன ஜன்னலை அகலத் திறந்து வைப்பார். ஐந்தே நிமிடத்தில் குளித்து முடிப்பார். "தண்ணி தவிக்குது" என்று சமையலறைக்குள் நுழைந்து எட்டை நாலாக்குவார். பிறகு ஒரு நல்ல பிள்ளையைப் போல எண்ணெய்க்கு முதுகைக் காட்டுவார். அரிக்கும். அரித்தால் அவள் தோற்றாள். ஆறு நாளும் தோற்கட்டும். பலகையை வெள்ளிக்கிழமைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியாவது எழுதிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக அரித்தது. "பார்த்தியா?" என்றார்.

திங்கட்கிழமையும் அரித்தது. "பார்த்தியா, பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்," என்றாள் மனைவி.

அவள் பார்த்தது வேறு. குமிழின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, நீலப் பெயின்டில். எட்டு என்ற எண்ணுக்கு நேராக இன்னொன்று.

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், "ஆமா, திருகினேன், அதுக்கென்ன?" என்பார், பேச்சு மறுபடி துணி சோப்புக்கே போகும். அந்த மனிதரைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும். தன் தோலை நம்ப மாட்டார். தான் எழுதிய எழுத்தை நம்புவார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஆறிப்போய்விட்டதோ என்று பெயின்டருக்கு ஒரு கணம் தோன்றியது. எட்டில்தானே வைத்தோம்? எட்டில்தான் வைத்தோம். அப்படியானால் சுடுகிறது. "ஆஹா!" என்று சொல்லிக்கொண்டார். புதன்கிழமை கண்ணாடியில் ஆவியே படியவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்த தன் மூளையை மெச்சிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒரு விபரீதம் நடந்தது. பலகையின் ஐந்தாவது வரியை எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். ஏதோ குறைகிறது. என்ன அது? இடுப்பு சும்மா இருந்தது. தோள் சும்மா இருந்தது. முழங்காலின் பின்பக்கம், அப்படி ஓர் இடம் இருப்பதையே மறந்துவிட்டதுபோல் கிடந்தது. கோடு வெயிலில் வழுக்கிக்கொண்டு போயிற்று. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சொன்ன இடத்தில் உட்கார்ந்தன. இளவயதில் முதல்முதலாகத் தூரிகை பிடித்த அன்றுபோல் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

அப்புறம்தான் திக்கென்றது. அரிக்கவில்லை என்றால் அவள் ஜெயித்துவிடுவாள்!

கொதிக்கிற தண்ணீரில் குளித்துத்தானே குணமானது? நியாயமாக ஜெயித்தவர் அவரல்லவா? ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் திருகினதையும் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் பெயின்டர் நடிக்கத் தொடங்கினார்.

"ஸ்ஸ்... அப்பா! உயிரை எடுக்குது."

"எங்கங்க?"

"இங்கதான்." முழங்கையைச் சொறிந்தார்.

"எப்பவும் இடுப்புதானே?"

"இடம் மாத்திடுச்சு."

"தகவல் சொல்லிட்டுத்தான் மாத்துச்சா? சொறியறது வலது முழங்கை, சட்டை தேய்ஞ்சிருக்கிறது இடது முழங்கையில."

"ரெண்டும்தான் அரிக்குது! மனுஷன் அவஸ்தைப்படும்போது வலது என்ன, இடது என்ன?"

"ஐயோ பாவம்," என்றாள் மனைவி. இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவள் குரலில் இருந்த கனிவைக் கண்டு பெயின்டர் பெருமூச்சு விட்டார். நாளை ஒரு நாள். அப்புறம் வெந்நீர், ஆயுசுக்கும்.

வெள்ளிக்கிழமையும் அரிக்கவில்லை. பலகையில் ஒரே ஒரு வரி பாக்கி, அந்தக் கடுகு வரி. எட்டேகாலுக்குத் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் டாக்டரின் செருப்புச் சத்தம். பின்னாலேயே மனைவி.

"வாங்க டாக்டர். நான் சொல்லி அனுப்பின விஷயம்தான். பாவம், இவரால முடியல. நேத்து ரெண்டு முழங்கையும் அரிச்சு ஒரு கவளம் இறங்கல. கடைசி வரியை அடுத்த தெருக்காரரையே எழுதச் சொல்லிடுங்க. பலகையை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

பெயின்டர் பலகைக்குக் குறுக்கே பாய்ந்தார்.

"யாரு தொடுறது? அஞ்சு வரி நான், ஆறாவது வரி அவனா?"

"அரிப்போட எப்படிங்க எழுதுவீங்க?"

"அரிப்பா? யாருக்கு அரிப்பு?"

"நேத்துச் சொன்னீங்களே."

"நேத்தும் அரிக்கலை! இன்னைக்கும் அரிக்கலை! இப்ப பாருங்க டாக்டர்!"

தூரிகையை எடுத்தார். அடுத்த பத்து நிமிடம் கடுகளவு எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கின, சுழியும் வாலும் குறையாமல். மனைவியும் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கையைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் அவள் இவருக்குச் சம்மதம் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ஆறடி தள்ளி நின்று படித்தார். தெருவில் இறங்கி நின்று படித்தார்.

"பெயின்டரே, பிரமாதம்! எப்படிக் குணமாச்சு?"

பெயின்டரின் மார்பு விரிந்தது. ஜெயித்த மனிதனுக்கு எதற்கு ஒளிவுமறைவு?

"வெதுவெதுத் தண்ணியில குளிக்கச் சொன்னா இவ. குளிப்பேனா? ஆறு நாளும் இவளுக்குத் தெரியாம எட்டில வச்சுக் குளிச்சேன். கொதிக்கக் கொதிக்க! அதுலதான் குணமாச்சு. இனிமே இந்த வீட்ல வெந்நீரைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"

மனைவி வாயைத் திறக்கவில்லை. உள்ளே போனாள். குமிழைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இழுத்தா வந்துடும் டாக்டர். உள்ள பாருங்க, பல் பல்லா இருக்கு. செவ்வாய்க்கிழமையில இருந்து தினம் ஒரு பல் தள்ளி மாட்டினேன். முதல் நாள் இவர் எட்டுன்னு வச்சது, உள்ள ஏழுதான். அப்புறம் ஆறு. நேத்து அஞ்சு. இன்னைக்கு இவர் குளிச்சது நாலுல."

பெயின்டர் குமிழைப் பார்த்தார். ஹீட்டர் இருந்த திசையைப் பார்த்தார். கடைசியாகத் தன் கையைப் பார்த்தார்.

"சுட்டுதே," என்றார், மிகச் சின்னக் குரலில்.

"எழுதியிருந்துச்சு இல்ல, சுட்டிருக்கும்," என்றாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில எனக்குத் தினம் இதே பாடுதான். சொட்டு மருந்து போட்டுக்கிட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க, போட்டிருக்க மாட்டாங்க. திட்டினா வரதையே விட்டுடறாங்க. திங்கட்கிழமையில இருந்து நீங்க வர முடியுமா?"

"எத்தனை மணிக்கு டாக்டர்?"

"எட்டு."

"வரேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றார் பெயின்டர்.

"கேட்டா நீங்க சரின்னு சொல்லுவீங்க," என்றாள் அவள். "அப்புறம் பின்னாடியே போய் எதையாவது திருகுவீங்க."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் போனாள். இருபத்திரண்டு வருஷம் போனாள். கடைசிப் பத்து வருஷம் அங்கே அவளுக்கென்று தனி அறை இருந்தது. அந்தக் கதவுக்கான பலகையைப் பெயின்டர் ஒரு காலை எட்டரை மணிக்கு எழுதிக் கொடுத்தார்.