மூன்று மணிவரை தாங்கும் என்று நான் சொன்ன ஐஸ்

நடந்தது இவ்வளவுதான்:

1. காலை ஒன்பதரைக்கு அவனியாபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பலகை ஒன்று அறுத்து வாங்கினேன்.
2. பத்து மணிக்கு அதன்மேல் கல்லுப்பு விழுந்தது. “தேங்க்ஸ்ணே” என்றேன்.
3. பதினொன்றுக்கு, மூன்று பேர் முன்னால், இது மூன்று மணிவரை தாங்கும் என்று அறிவித்தேன்.
4. பன்னிரண்டு பத்துக்கு ஐஸ் இல்லை.

இயற்பியலில் முதுகலை முடித்தவள் நான். ஐஸ் உருகும் என்பது எனக்குத் தெரியும். எப்போது உருகி முடியும் என்பதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டதுதான் தப்பு.

வடதுருவக் கடல்மேல் மிதக்கும் பனி ஒவ்வொரு கோடையிலும் சுருங்கி, செப்டம்பரில் மிகக் குறைவாக நிற்கும். எந்த செப்டம்பரில் அது அநேகமாக இல்லாமலே போகும் என்று கணிக்கும் வெளியூர் ஆய்வுக் குழு ஒன்றில் ஒரே ஒரு இடம் காலி. நேர்முகம் மதுரைக் கல்லூரி ஒன்றில். அது கிடைக்காவிட்டால் ஜூன் முதல் பேங்க் பரீட்சை கோச்சிங் என்று அப்பாவோடு ஒப்பந்தம். அதனால் மற்றவர்களைப் போல வெறும் ஸ்லைடோடு போகக்கூடாது, நேரிலேயே செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். (யாரும் கேட்கவில்லை.)

ஒத்திகை கே.கே. நகர் வீட்டு பால்கனியில் நடந்தது. கறுப்பு பெயிண்ட் அடித்த தட்டு கடல்; இரண்டு விரல் கனத்தில் ஒரு பலகை ஐஸ் துருவம். மேலேயிருந்து கால் மணிக்கு ஒரு போட்டோ எடுத்து, ஐஸ் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளந்தேன். மூன்று மணி நேரமும் ஓரங்கள் ஒரே வேகத்தில் சுருங்கின, அவ்வளவுதான். புள்ளிகளெல்லாம் நேர்கோட்டில் உட்கார்ந்தன. கோட்டை நீட்டினேன், முடிவு நேரம் கிடைத்தது. நேர்கோட்டில் பார்க்க இனி என்ன இருக்கிறது என்று குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தட்டில் தண்ணீர் இருந்தது. அது எப்போது தண்ணீரானது என்று பார்க்காதவள்தான் மறுநாள் நேர்முகத்துக்குப் போனாள்.

ஷேர் ஆட்டோவில் சாக்கு சுற்றிய ஐஸை மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“பாப்பா, சீட்டெல்லாம் நனையுது. என்ன, கல்யாண வீடா?”

“இன்டர்வியூண்ணே.”

“இன்டர்வியூக்கு இம்புட்டு ஐஸா? யாரு, மீன் கம்பெனியா?”

விளக்கினேன். பின்சீட்டில் இருந்த மூவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். டிரைவர் மட்டும் பெட்டிக்கடை ஓரம் நிறுத்தி, ஒரு பை கல்லுப்போடு வந்தார். “சாக்கைத் தொறங்க. மீன் பெட்டியில போடுறாகள்ல? அப்பத்தான் நிக்கும்.”

அள்ளிப் போட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மதுரையில் எந்தக் கல்யாணத்தில் குல்ஃபி வந்தாலும் ஐஸோடு உப்புதானே இருக்கிறது? (உப்பு குல்ஃபியைக் குளிர்விக்கும், அதற்கு விலையாக ஐஸைக் கரைக்கும். இதை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் நானே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.)

நேர்முக அறையில் மூன்று பேர். நடுவில் தலைமை விஞ்ஞானி, கண்ணாடி போட்ட ஒரு மேடம். சாக்கைப் பிரித்தேன். பலகை முழுசாக, வெள்ளையாக இருந்தது. வெளிச்சத்துக்காகத் தட்டை ஜன்னலோர வெயிலில் வைத்தேன். (ஒத்திகை நிழலில் நடந்தது.)

“எப்ப போகும்?” என்றார் மேடம்.

“மூணு மணிக்கு மேடம்.”

“முன்ன பின்ன?”

“மூணு.”

பக்கத்திலிருந்தவர் வாட்சைப் பார்த்தார். நான் ஸ்லைடுகளுக்குப் போனேன். கடைசி ஸ்லைடில் துருவப் பனி முடியும் ஆண்டை ஒற்றை எண்ணாக, சிவப்பில், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி அளவுக்குப் போட்டிருந்தேன். ஒரு மணி நேரம் பேசினேன். ஐஸின் ஓரங்கள் அசையவே இல்லை. அவ்வப்போது அதைப் பெருமையாகக் கை காட்டினேன்.

அப்போது பலகையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இருபது, முப்பது. உப்புக்கல் ஒவ்வொன்றும் மேலேயிருந்து அடிவரை துளைத்திருந்தது. துளை வழியே தட்டின் கறுப்பு தெரிந்தது. துளைகள் ஒன்றையொன்று தொட்டன. சத்தமே இல்லாமல் பலகை ஏழெட்டுத் துண்டாகி மிதந்தது. துண்டுகள் மெல்லச் சுற்றின, கண்ணாடி போல ஆயின, பிறகு அங்கே வெறும் கறுப்புத் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் மாறாத ஒன்று சில நிமிடங்களில் போய்விட்டது.

மூவரும் எழுந்து வந்து தட்டைச் சுற்றி நின்றிருந்தார்கள். எனக்கு வெட்கப்படக்கூட மறந்துபோனது. நமக்குத் தெரிந்த சரித்திரம் முழுக்க, கோடையிலும் உலகத்தின் உச்சி வெள்ளையாகவே இருந்திருக்கிறது. அது கறுப்பாகும் நாளும் இப்படித்தான் சத்தமில்லாமல் வருமோ.

“கனம் அளந்தீங்களா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம். பரப்பு மட்டும்தான்.”

“சரி, இப்பச் சொல்லுங்க. ஆர்க்டிக் எப்ப?”

சிவப்பு எண் பின்னால் திரையில் எரிந்துகொண்டிருந்தது. “தெரியல மேடம்” என்றேன். “இத நான் அழிச்சுடுறேன்.”

அந்த இடம் வேறொருவருக்குப் போனது. ஒப்பந்தப்படி நான்கு மாதம் கோச்சிங்கில் வட்டிக் கணக்குப் போட்டேன். அந்த ஒருவர் வெளிநாடு கிளம்பியதும் மேடம் கூப்பிட்டார். “கனம் அளக்கிற வேலை ஒண்ணு இருக்கு. வாரீங்களா?”

இப்போதும் லீவுக்கு ஊருக்கு வரும்போது அம்மா போனில் கேட்பார்.

“மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனை மணிக்கு வார?”

“ஆறுக்கும்மா.”

“முன்ன பின்ன எம்புட்டு?”

“அரை மணி.”

“அப்ப அப்பாவ நாலுக்கே அனுப்புறேன். ஒன் ஐஸு கணக்கு தெரியாதா?”

இப்போதைய நிலவரம்: நான் அந்தக் குழுவில் மூன்றாவது வருடமாக இருக்கிறேன். பனி கனம் குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு நடுத்தர வயது தாண்டுவதற்குள் ஏதோ ஒரு செப்டம்பரில் அது அநேகமாக இல்லாமல் போகும் என்று நினைக்கிறோம். எந்த செப்டம்பர் என்று எங்களுக்குத் தெரியாது. போன செப்டம்பரில் இருந்தது.