அதெல்லாம் ப்ளாக் பாக்ஸ், சகலை!

சமீப காலமாக நம் நடுவே ஓர் இனம் மளமளவென்று பெருகி வருகிறது. ஏ.ஐ. சவடால்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். லிஃப்ட் பாதியில் நின்று, எல்லோரும் வியர்த்து விறுவிறுத்து அலாரத்தை அழுத்திக்கொண்டிருக்கும்போது, மூலையில் சாவகாசமாகச் சாய்ந்தபடி "ட்ரெய்னிங் டேட்டா பத்தலை, அதான்" என்று ஒருவர் சொன்னால், அவர்தான். லிஃப்டுக்கு எதற்கு ஐயா ட்ரெய்னிங்? கேட்டுவிடாதீர்கள். மாட்டிக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் என் சகலை, அதாவது என் மனைவியுடைய அக்காவின் கணவர். பெயின்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரி. போன வருஷம் வரை கேட்காமலே யோசனை சொல்லும் ரத்த அழுத்த நிபுணராக இருந்தார். இப்போது பையன் கணக்கில் கோட்டைவிட்டால் "மாடல் இன்னும் ஃபைன்-ட்யூன் ஆகலை", சாப்பாட்டில் உப்பு கூடினால் "பாராமீட்டர் எகிறிடுச்சு", மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் "ப்ராம்ப்ட் தப்பாப் போச்சு" என்கிறார். ப்ராம்ப்ட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இயந்திரத்திடம் இன்னது வேண்டும் என்று நாம் எழுதிக் கேட்பது, அவ்வளவுதான். ஆனால் இந்த 'அவ்வளவுதான்' அவர் வாயில் வரவே வராது.

"பாராமீட்டர்னா என்னங்க?" என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டார்.

"உள்ள இருக்கும்."

"எதுக்குள்ள?"

"கோடிக்கணக்குல இருக்கும்."

"அதான், எதுக்குள்ளங்க?"

"அதெல்லாம் ப்ளாக் பாக்ஸ். செஞ்சவனுக்கே தெரியாது!"

செய்தவனுக்கே தெரியாததைக் கேட்ட குற்றத்துக்காக அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டார். இயந்திரம் தனக்குத் தெரியாததைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தெரிந்த மாதிரி அளந்துவிட்டால் அதற்கு ஹாலுசினேஷன் என்று பெயராம். சகலை அளந்தால் அதற்கு அறிவு என்று பெயர். என்ன நியாயம் இது?

சரி, வாய்தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். வினை என் மச்சினன் ரூபத்தில் வந்தது. இரண்டு அக்காக்களுக்கும் ஒரே தம்பி. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூ வந்தது. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஏ.ஐ. பதில் சொல்கிற மாதிரி ஏற்பாடு செய்ய ஆள் வேண்டுமாம். சகலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார்.

"மாமா, டோக்கன்னா என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"அர்த்தம் கேட்டா வேலை கிடைக்காதுடா. நான் சொல்றதை அப்படியே சொல்லு. மூச்சு விடாம சொல்லு."

இன்டர்வியூவில் மூச்சு விடாமல்தான் சொன்னான் மச்சினன். "டோக்கனை ஆப்டிமைஸ் பண்ணி, எம்பெடிங்கை அலைன் பண்ணி, ஹாலுசினேஷனை மினிமைஸ் பண்ணுவேன் சார்." எதிரே மேனேஜர், கணக்குப் பிரிவு அம்மாள், முதலாளியின் மருமகன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று தலைகளும் ஆடின. வேலை கிடைத்துவிட்டது! சகலையைக் கையில் பிடிக்க முடியவில்லை.

முதல் வாரமே வந்தது ஆப்பு. இந்த வார்த்தைகளையெல்லாம் ஆபீஸில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி நீயே விளக்கிச் சொல் என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். மீட்டிங் ஹால் நிறையக் கூட்டம். டெலிபோன் பிரிவு அக்கா எழுந்தார்.

"தம்பி, ஹாலுசினேஷன், ஹாலுசினேஷன்றீங்களே, அப்படின்னா என்ன? அது ஏதாவது ஏடாகூடமா சொன்னா கஸ்டமர் என்னைத்தான் திட்டுவாங்க."

"அது... ப்ளாக் பாக்ஸ் மேடம்."

"சரி, அதை யாரு திறப்பாங்க?"

சகலை இந்தக் கேள்விக்குப் பாடம் நடத்தவில்லை. வேலை போச்சு, கல்யாணமும் போச்சு என்று பையன் முடிவு கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க. எதுக்குமே அர்த்தம் தெரியாது. மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்" என்று போட்டு உடைத்துவிட்டான். பாவம், அழாத குறை.

மேனேஜர் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

"இதை இன்டர்வியூலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நீ பேசினதுல எங்க மூணு பேருக்கும் ஒரு எழுத்துகூடப் புரியலைய்யா. அதனாலதான் உன்னை எடுத்தோம்!"

"அப்ப என்னை அனுப்பிடுவீங்களா சார்?"

"எப்படி அனுப்புறது? எதைக் கேட்டு எடுத்தீங்கன்னு முதலாளி கேப்பாரே! ஒழுங்கா உக்காந்து படி. படிச்சிட்டு முதல்ல எனக்குச் சொல்லு. கதவைச் சாத்திட்டுச் சொல்லு."

படித்தான். இப்போது நன்றாகவே சொல்கிறான். கல்யாணத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. தெரியாது என்று சொன்னதால் பிழைத்தவனை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்த எம்பெடிங் என்ற சொல்லை நான் விளக்கவே இல்லை. நீங்களும் "எனக்குத் தெரியாதா என்ன" என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு மேலே படித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். இப்போது பக்கத்தில் இருப்பவர் அப்படியென்றால் என்ன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "அது வந்து..." என்று வாய் ஆரம்பித்துவிட்டதா?

மூடிக்கொள்ளுங்கள்.