கணிதச் சங்கத்தில் பதவி ஆசை இல்லாதவர்கள்

பதவி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் நிற்பவர்களைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. வட்டாரக் கணிதச் சங்கத்தில் வேறொரு இனம் வளர்கிறது. பதவியே வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே, மனு வாங்கும் முதல் நாள், அலுவலகப் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்கும் இனம்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வருடம் முழுக்கக் கூட்டத்துப் பக்கமே தலைகாட்டாதவர், தேர்தல் மாதம் பிறந்ததும் முதல் ஆளாக வந்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டு, உங்களுக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்து, உங்கள் மகளின் படிப்பை விசாரித்து, உங்களுக்கு இருப்பது மகன்தான் என்று தெரிந்ததும் அவன் படிப்பை விசாரித்து, என்றோ நீங்கள் வாசித்த கட்டுரை இன்றும் தன் மேஜைமேல் இருப்பதாகச் சொல்வார். எதற்கு அடியில் என்று கேட்காதீர்கள். வாக்குறுதி மட்டும் தரமாட்டார். "நிபந்தனைகள் பொருந்துமானால் ஆண்டு விழா நடக்கக்கூடும்." அவ்வளவுதான்.

'ஆகவே' சார் இந்த இனத்தில் கலப்பில்லாத ரகம். கல்லூரியில் வடிவகணிதம் நடத்துகிறார். காபி ஆறிவிட்டது என்பதைக்கூட மூன்று படிகளில் நிறுவி, 'ஆகவே' போட்டு முடிப்பதால் வந்த பெயர். செயலாளர் பதவிக்கு இது மூன்றாவது முயற்சி. காரணம் கணிதமா? இல்லை, மச்சான். மனைவியின் அண்ணன் இரும்புக்கடைக்காரர். வியாபாரிகள் சங்கத் தலைவர். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் "தலைவர் வந்துட்டார்" என்று முன்வரிசையில் இடம் காலியாகும். ஆகவேக்குக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

"பதவி ஆசை இல்லேன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்குக் கண்ணாடி முன்னாடி ஏற்புரை பேசுறீங்க?" என்றாள் மனைவி.

"சும்மா, தொண்டையைச் சரிபண்ணிக்கத்தான்."

"தொண்டையில எங்க அண்ணன் பேரு ரெண்டு தடவை வருது. ஒண்ணையாவது எடுத்துருங்க."

இந்தத் தடவை அண்ணனும் தங்கையும் தேர்தலை நேரில் பார்க்க வந்து, பள்ளிக்கூட மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆகவேதான் கூப்பிட்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தேர்தல் அதிகாரி. பெட்டியில் விழுந்த சீட்டுகள் எண்பத்தாறு. ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, கரும்பலகையில் கோடு போட்டு, ஐந்தைந்தாகக் கட்டி எண்ணினார். இப்போதைய செயலாளருக்கு நாற்பத்தொன்று. ஆகவேக்கு நாற்பத்திரண்டு. செல்லாதவை நான்கு, அதில் ஒன்றில் வாக்குக்குப் பதிலாக, தேர்தல் முறையே தவறு என்பதற்கான நிரூபணம் இருந்தது.

கைதட்டல். மச்சான் எழுந்து நின்று தட்டினார். அதைப் பார்க்கத்தானே மூன்று தேர்தல்?

ஆகவே மேடையேறினார். காகிதத்தைப் பிரித்தார். அப்போது பார்வை பலகைமேல் போயிற்று. போயிருக்கவே கூடாது. மண்டபம் நிறையக் கணிதம் படித்தவர்கள், ஒருவர்கூட அந்த மூன்று எண்களைக் கூட்டிப் பார்க்கவில்லை. உயர்கணிதம் படித்தவர்கள் கூட்டலுக்கெல்லாம் இறங்கி வருவார்களா? ஆகவே பார்வையைத் திருப்பிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். இன்னும் உட்காராத மச்சானைப் பார்த்தார். மறுபடியும் பலகை. வாயை மூடு என்றது புத்தி. வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

"டீச்சர், ஒரு சின்ன விஷயம். மொத்தம் எண்பத்தேழு வருது."

"வரட்டுமே."

"சீட்டு எண்பத்தாறுதானே?"

"விடுங்க சார், ஒண்ணுதானே," என்றார் தோற்றுப்போன செயலாளர், தேநீரை ஊதிக்கொண்டே. பாவம், மனதாரத்தான் சொன்னார்.

"ஒண்ணுதானேவா? கணிதச் சங்கத்துல நின்னு பேசுற பேச்சா இது?"

மறுபடி எண்ணினார்கள். ஆகவேயின் பெயருக்குக் கீழே ஐந்தாக எண்ணிய கட்டு ஒன்றில் நான்கே கோடுகள். ஆகவே நாற்பத்தொன்று. செயலாளருக்கும் நாற்பத்தொன்று. சமமாக வந்தால் பழையவரே தொடர்வார் என்பது சங்கத்தின் விதி. ஒரு பொதுக்குழுவில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வைத்து வாதாடி அந்த விதியைக் கொண்டுவந்தவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

திரும்பும்போது மச்சான்தான் வண்டி ஓட்டினார். சிக்னலில் நின்றபோது கேட்டார்: "மாப்ளே, உங்களுக்குப் பைத்தியமா?"

"கூட்டல் தப்பா இருந்துச்சு மச்சான்."

"ம்." விளக்கு பச்சையாயிற்று. "எங்க சங்கத்துல தணிக்கையாளர் தேர்தல் வருது. நிக்கிறதுக்கு இப்படி ஒரு ஆள் எங்ககிட்ட இல்ல. நிக்கிறீங்களா?"

"எனக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாது." ஆகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மனு என்னிக்குக் குடுக்கணும்?"

பின்சீட்டில் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். பலகையில் இருந்த மூன்று எண்களை நான் சொன்னபோது, எண்பத்தாறு வருகிறதா என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கொஞ்சம் கவனமாக இருங்கள், அது முதல் அறிகுறி. "கூட்டித்தான் பார்த்தேன், அதுக்காக எனக்கெல்லாம் பதவி ஆசை கிடையாது" என்று இப்போது முணுமுணுத்தீர்களே, அது இரண்டாவது.