கட்டுகஸ்தோட்டைச் சாவடியில் ஒரு குடிபூரல்

ஒரு பொருளைக் கழற்றிப் பூட்டினால் ஏதாவது ஒன்று மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சவே இல்லை என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார், அல்லது மிஞ்சியதை அவருடைய மனைவி கூட்டித் தள்ளிவிட்டார். நான் சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டியபோது ஒரு பல்சக்கரம் மிஞ்சியது. (மணிக்கூடு அதற்குப் பிறகும் ஓடியது; ஆனால் அது காட்டிய நேரம் கண்டியில் எவருக்கும் பொருந்தவில்லை.) றேடியோவில் இரண்டு திருகாணி மிஞ்சியது. இதெல்லாம் சில்லறை விஷயம். ஒரு வீட்டைக் கழற்றிப் பூட்டியபோது மிஞ்சிய ஒரு துண்டு இரும்பு என்னை என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

முதலில் அந்த வீடு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தான், கண்டியில் அரசாங்கப் படவரைஞன். கல்யாணமான புதிதில் ஒரு வாடகை வீடு எடுத்தோம். என் மனைவி சறோ நல்ல நாள் பார்த்து, சின்னப் பித்தளைப் பானையில் பால் காய்ச்சிக் குடிபூந்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாற்பது நாளில், எண்பத்துமூன்றில், தமிழர் வீடுகளை எரித்த ஆடிக் கலவரம் வந்தது. அயலில் இருந்த ஒரு சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் குசினிக்குள் ஒளித்து வைத்தது. அங்கேயிருந்து எங்கள் வீட்டுப் புகையைப் பார்த்தோம். உடுத்த உடுப்பும், சறோ கையோடு தூக்கிக்கொண்டு ஓடிய அந்தப் பானையும்தான் எங்களுக்கு மீதி.

அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டிலும் பால் காய்ச்சவில்லை. நாலு வருஷத்தில் மூன்று வீடு மாறி, கடைசியில் கட்டுகஸ்தோட்டையில் மடவளை வீதிப் பக்கமாக ஒரு வீட்டுக்கு வந்தோம். மாற்றுடுப்பு, சான்றிதழ்கள், பத்திரிகைத்தாளில் சுற்றிய பானை, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வாசல் கதவடியில் வைத்திருந்தாள். வீடு என்ற சொல்லே அவள் வாயில் வராது. “இருக்கிற இடம்” என்பாள். தினமும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன். அவள் அந்தப் பெட்டியைத் திறந்து, சாமான்களை அலுமாரியில் அடுக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் அந்தக் காம்பரை, வெள்ளைக்காரர் ஊர்சுற்றுகிற பெட்டி வீட்டை, கண்டேன். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. அலுவலக வளவின் மூலையில், இடுப்பளவு புல்லுக்குள், கோழிகள் முட்டையிடுகிற இடமாகக் கிடந்தது. கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டேன். மேசையை மடக்கினால் கட்டில். பலகையைத் தூக்கினால் கைகழுவும் தொட்டி. படிக்கட்டு இழுத்தால் வரும், தள்ளினால் போகும். கூரை முழுவதும் ஒரு கைபிடியைச் சுற்றினால் மேலே எழும்புமாம். சுற்றிவரத் துணிச்சுவர் விரியுமாம். கடவுளே, மனிதன் இப்படியும் யோசிப்பானா! எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. எரிக்க வந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடிய வீடு! இதிலாவது சறோ பால் காய்ச்சுவாள்.

ஏலத்தில் என்னைத் தவிர எவரும் கை தூக்கவில்லை. அதை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். (இளமை.)

வீட்டுக்கு வந்து இறங்கியதும் சறோ அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். குனிந்து கீழே பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, சில்லு எங்க?”

நானும் குனிந்து பார்த்தேன். ஒரு சக்கரமும் இல்லை. லொறியின் முதுகில் ஏற்றி வைக்கிற வகையாம் அது. புல்லுக்குள் கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை. மில்லிமீற்றர் பிசகாமல் கோடு கீறுகிறவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், நாலு சில்லு இல்லாததைக் கவனிக்கவில்லை.

“ஓடுமெண்டு சொன்னியள்?”

“ஓடும். லொறி வேணும், அவ்வளவுதான்.”

“அப்ப லொறிதான் ஓடும்” என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லொறிக்கு ஹனிபா நானாவைப் பிடித்தேன். மடவளையில் கராஜ் வைத்திருந்தவர். மரக்கறி ஏற்றுகிற சின்ன லொறி ஒன்றும் அவரிடம் இருந்தது. காம்பரைப் பார்த்த முதல் நாளே அவருக்கும் என் வியாதி தொற்றிவிட்டது. இழுப்பறையை இழுப்பதும் தள்ளுவதுமாக அரை மணித்தியாலம் நின்றார். “யா அல்லாஹ், மடிச்சு வெச்ச ஊடு சேர் இது!” என்றார்.

எட்டு மாதம், சனி ஞாயிறெல்லாம், பின்வளவில் இருந்த தகரக் கொட்டகைக்குள் வேலை நடந்தது. கூரையைக் கழற்றி நிலத்தில் வைத்தோம். உக்கிய பலகைகளை மாற்றினோம். துருப்பிடித்த கம்பிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். கிழிந்த துணிச்சுவருக்குப் பதிலாக நான் நல்ல கரும்பச்சைத் துணி வாங்கி வந்தேன். நானா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சேர், இது ஆமிக்காரன்ட கலர். இதப் போட்டா ஊட்டோட சேத்து ஒங்களயும் ஏத்திட்டுப் போவான்” என்றார். கடைசியில் சாய்மனைக் கதிரைத் துணிதான் கிடைத்தது. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக. சறோ பழைய துணியை விரித்து அளவெடுத்துத் தைத்துத் தந்தாள். தைக்கும்போது இரண்டு ஜன்னலுக்கும் சின்னதாகக் கொசுவம் வைத்தாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தேன். சொன்னால் பிரித்துவிடுவாள் என்ற பயம்.

எல்லாம் பூட்டி முடிந்தபோது, கட்டைவிரல் அளவில் வளைந்த இரும்புத் துண்டு ஒன்று மிஞ்சியது.

“இது எங்க போறது சேர்?”

“வெள்ளைக்காரன் மேலதிகமா ஒண்டு போட்டிருப்பான்” என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கொட்டகை பதிவானது, தலை முட்டும் உயரம்தான். கூரையை நாலு விரல் மட்டும் உயர்த்திப் பார்க்கத்தான் இடமிருந்தது. உயர்ந்தது. இறக்கிப் பார்க்கவில்லை. ஏறுகிறது இறங்காமல் எங்கே போகப்போகிறது!

சறோவை எப்படியோ சம்மதிக்க வைத்தேன். முழுச் சம்மதமில்லை, “பானையைக் கொண்டு வாறன், மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்றாள். ஐயரிடம் நாள் கேட்கப் போனேன். அவருக்கு ஒரே குழப்பம்.

“தம்பி, இது வீடோ, வாகனமோ?”

“ரெண்டும்தான் ஐயா.”

“வாகனமெண்டா சில்லுக்குத் தேசிக்காய். வீடெண்டா பால்.” கொஞ்சநேரம் கண்ணை மூடி யோசித்தார். “ஒண்டையும் விடாதையுங்கோ. கோயிலடிக்குக் கொண்டு வாங்கோ. ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில பால் பொங்க வேணும்.”

குறித்த நாள் காலை எட்டரைக்கே புறப்பட்டோம். நானா ஓட்டினார். நடுவில் நான். சறோ ஓரமாக, மடியில் பானை, காலடியில் பால்போத்தலும் மண்ணெண்ணெய் அடுப்பும். லொறிச் சில்லுகளின் கீழ் வைத்த தேசிக்காய் மூன்று நசுங்கியது, ஒன்று உருண்டு ஓடிவிட்டது. கோயில் கண்டி நகரில். மகாவலி ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்துக்கு முன்னால் ஆமிச் சாவடி.

லொறியின் முதுகில் மூடிய பெரிய பெட்டி. முன்னால் ஒரு தமிழனும் தமிழிச்சியும். காலடியில் மண்ணெண்ணெய். அந்தக் காலத்தில் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் சார்ஜனைக் கூப்பிட்டான். சார்ஜன் நல்ல உயரம், மீசைக்காரர். பெட்டியைத் தடியால் தட்டிப் பார்த்தார்.

“மொகக்த மே?” இது என்ன என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் அந்த நிமிஷம் ஆற்றோடு போய்விட்டது. வீடு என்றேன். வாகனம் என்றேன். கூரை எழும்பும் என்று கையால் காட்டினேன். அது ரொக்கெட் கிளம்புவதைக் காட்டுகிறமாதிரி இருந்திருக்க வேண்டும். மூன்று துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. திறந்து காட்டச் சொன்னார்கள்.

கைபிடியைச் சுற்றினேன். டக். டக். டக். கூரை எழும்பியது. சிப்பாய்கள் பின்னால் பாய்ந்தார்கள். இன்னும் சுற்றினேன். சிவப்பு வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாக விரிந்து, காற்றுப் பட்டு ஒருதரம் விம்மி, நாலு மூலையும் விறைத்து நின்றது. கொசுவம் வைத்த ஜன்னல் இரண்டும் திறந்தன. காலை வெயில் துணிக்குள்ளால் உள்ளே இறங்கி, கட்டில், மேசை, தொட்டி எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

அது முழுதாக விரிந்ததை நாங்களே அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். எனக்குப் பயம் மறந்துபோனது. எட்டு மாதம் தட்டிக்கொட்டிய தகரமும் பலகையும் ஒரு அறையாக எழும்பி, மகாவலிக் கரையில் நின்றுகொண்டிருந்தது. நானா “சுப்ஹானல்லாஹ்” என்றார். துவக்குகள் தாழ்ந்தன. பின்னால் வரிசையில் நின்ற பஸ்ஸிலிருந்து ஜனம் எல்லாம் இறங்கி வந்துவிட்டது. எங்கே சேர்க்கஸ் போடப்போகிறீர்கள் என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

சார்ஜன் உள்ளே ஏறினார். இழுப்பறையை இழுத்தார், தள்ளினார். தொட்டியைக் கண்டு சிரித்தார். பிறகு இறங்கி, சரி, மூடிக்கொண்டு போகலாம் என்று சைகை காட்டினார்.

கைபிடியை மறுபக்கம் சுற்றினேன். அசையவில்லை. நானா சுற்றினார். இரண்டு சிப்பாய்கள் சுற்றினார்கள். ஏறுவதற்குப் பல்சக்கரம் விட்டுக்கொடுத்தது. இறங்க விடாமல் ஒரு பல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பல்லைத் தூக்கிவிடுவதற்கு வளைந்த சின்ன இரும்பு ஒன்று வேண்டும், கட்டைவிரல் அளவில்...

என் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போனது. மறுபடியும் மூன்று துவக்கு நிமிர்ந்தது. மெதுவாக வெளியே எடுத்துக் காட்டினேன். நானா அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“வெள்ளக்காரன் மேலதிகமாப் போட்டது?”

“ஓம்.”

“இதப் பூட்ட ரெண்டு மணித்தியாலம் போகும் சேர்.”

கூரையை விரித்தபடி பாலத்தின் மேல் போக முடியாது. குறுக்கே தாழ்வாகக் கம்பிகள். பஸ்கள் ஹோன் அடித்தன. மணி ஒன்பது ஐம்பது. நடுவீதியில் அழுதுவிடுவேன்போல இருந்தது. சறோ இறங்கி வந்து, என் கையிலிருந்த துண்டை வாங்கினாள். “துலைச்சுப் போடுவியள்” என்று சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டாள்.

சார்ஜன் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. “மேக காகே கெதரத?” இது யாருடைய வீடு?

நாலைந்து வருஷம் அந்தச் சொல்லைச் சொல்லாதவள். ஜன்னலைப் பார்த்தாள். அவள் வைத்த கொசுவம் காற்றில் ஆடியது.

“அபே கெதர” என்றாள். எங்கள் வீடு.

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டவள்போல ஒரு கணம் நின்றாள். பிறகு என்னிடம், “நேரம் போகுது. அடுப்பை எடுங்கோ” என்றாள். ஏறி உள்ளே போய்ப் பானையைச் சுற்றியிருந்த பத்திரிகைத்தாளைப் பிரித்தாள். ஒரு சிப்பாய் தடுக்கப் போனான். பானையையும் பால்போத்தலையும் கண்ட சார்ஜன் அவனைக் கையால் மறித்தார். பால் பொங்க வைப்பது அவர்களுக்கும் உள்ளதுதானே. அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் படியில் ஏறி நின்று, ஹோன் அடித்த பஸ்காரனைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டார். சத்தமெல்லாம் அடங்கியது.

அவ்வளவு பேரும் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நுரை எழும்பியது. விளிம்பில் நின்றது. பிறகு பொங்கி, புது மேசைப் பலகையில் வழிந்து, சார்ஜனின் சப்பாத்தில் சொட்டியது. அவர் சூரியனை அண்ணாந்து பார்த்துத் திசை கணித்தார். கிழக்கு இல்லை, வடக்கு. பரவாயில்லை என்று தலையாட்டினார். சறோ அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். (நானா புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். மண்ணெண்ணெய் அடுப்பில் அவ்வளவு புகை வராது.)

திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை. காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் நான் உள்ளே நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஜன்னலில் என் தலை. வீதியோரமெல்லாம் சனம். “கையக் காட்டுங்க சேர், வோட்டு விழும்!” என்று நானா முன்னாலிருந்து கத்தினார்.

விரித்த கூரையோடு கொட்டகைக்குள் போகாது. முற்றத்தில் இறக்கி வைத்தோம். பின்னேரம் சறோவிடம் போனேன். தகரப் பெட்டி திறந்திருந்தது. உடுப்புகளை அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தத் துண்டைத் தாரும். பூட்டிவிட்டால் கூரை இறங்கும்.”

“இறங்கினா?”

“எப்ப வேணுமெண்டாலும் லொறியில ஏத்தி வெளிக்கிடலாம்.”

“எனக்கு வெளிக்கிட வேண்டாம்” என்றாள். “அது என்னட்டக் கிடக்கட்டும்.”

கிடக்கிறது. பிறகு அந்த வளவையே வாங்கினோம். ஓடித் தப்புவதற்கென்று நான் எடுத்த வீடு பூட்டி முடித்த பிறகு ஓடியது மொத்தம் மூன்று மைல். யுத்தம் முடிந்த பிறகும் கூரை விரித்தபடியே முற்றத்தில் நிற்கிறது. துணி மட்டும் நாலு தரம் மாறியது. மகள் பிறந்து, அதற்குள் இருந்துதான் படித்தாள். இன்றைக்கும் நான் ஒரு மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினால் போதும், வீட்டில் எல்லோரும் வந்து நின்று, “என்ன மிஞ்சினது?” என்று கையை நீட்டுவார்கள்.

போன வருஷம் மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். தாயிடம் பித்தளைப் பானையைக் கேட்பாள் என்று நினைத்தேன். இரும்புத் துண்டைத்தான் கேட்டாள். சறோ பானையைக் கொடுத்தாள், துண்டைக் கொடுக்கவில்லை.

“கொப்பர் இன்னும் கையும் காலுமாத்தானே திரியிறார்” என்று மகளுக்கு என்னைக் காட்டினாள். “துண்டைக் கண்டா கூரையை இறக்கிப் போடுவார்.”