பிக்கப்புக்குச் சாம்பிராணி

இழுவை குறைந்த பிக்கப் வண்டிக்குச் சாம்பிராணி போட்டவன் நான். பக்தியினால் போட்டிருந்தாலாவது மன்னித்துவிடலாம். விஞ்ஞானத்தினால் போட்டேன்.

இந்த அவமானத்தின் வேர், மறைமலை நகரில் நான் பார்த்த உத்தியோகத்தில் இருக்கிறது. வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டினேன். கேஸ்கெட், வால்வு, சைலன்சர், ரப்பர் ஹோஸ் என்று எல்லாவற்றுக்கும் பில் பாஸ் செய்தவன். எதன் அடக்க விலை என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. (ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவர் தனக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும் என்று நம்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தேன்.)

ஒருநாள் கம்பெனி எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. என் மனைவி கௌரி அப்போது முடிச்சூரில் எங்கள் வீட்டிலேயே வளைகாப்பு, காதுகுத்து என்று சின்னச் சின்னச் சமையல் ஆர்டர்கள் எடுத்துக்கொண்டிருந்தாள். அண்டா குண்டாக்களை ஏற்றிப் போக ஒரு வண்டி இருந்தால் தேவலை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுவாரமே ஒரு பழைய டீசல் பிக்கப்பைப் பிடித்து வந்தேன். என் மகனைவிட இரண்டு வயது மூத்தது. அவனைப் போலவே காலையில் எழுப்பினால் எழாது.

கௌரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "என்னங்க, இதைக் காசு கொடுத்து வாங்கினீங்களா? இல்ல, யாராவது நம்ம வாசல்ல விட்டுட்டுப் போய்ட்டாங்களா?"

எப்படியோ ஓடியது. அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகுதான் வியாதி வந்தது. இழுவை போய்விட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் வராமல் பெருமூச்சு வந்தது. பிரேக் பெடல் கல்லாய்க் கெட்டிப்பட்டது. சைலன்சரின் நடுவயிற்றில் துருப்பிடித்து ஒரு ஓட்டை. அது வழியாக வந்த சத்தத்தில் தெரு நாய்கள் குடிபெயர்ந்தன.

பம்மலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "சைலன்சர் பூட்ச்சி சார். புச்சு மாத்திக்கினு போய்க்கினே இருங்க."

அவர் எல்லா வண்டிக்கும் எதையாவது மாற்றச் சொல்கிறவர் என்பது ஊரறிந்தது. அதோடு, அவர் சொன்ன விலைக்கும் எனக்குத் தெரிந்த அடக்க விலைக்கும் நடுவே ஒரு சமுத்திரம் இருந்தது. வாழ்நாள் முழுவதும் சைலன்சரை அடக்க விலையில் பார்த்தவனால் அதைக் கடை விலைக்கு வாங்க முடியாது. அது கொள்கைப் பிரச்சினை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பி வந்து, வீடியோ பார்க்க ஆரம்பித்தேன்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் தெளிவாகச் சொன்னார். வண்டியில் வேக்குவம் குழாய் என்று ஒன்று உண்டு. உள்ளே காற்றில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதில் பொத்தல் விழுந்தால் பிரேக் இறுகும், சில வண்டிகளில் இழுவையும் குறையும். பொத்தலைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் புகையைச் செலுத்த வேண்டும். எங்கே புகை கசிகிறதோ அங்கே கோளாறு. அவரிடம் அதற்கென்று ஒரு மெஷின் இருந்தது. என்னிடம் பூஜை அறை இருந்தது.

கப் சாம்பிராணி நான்கைக் கொளுத்தி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தேன். மூடியில் இரண்டு துளை. ஒன்றில் சைக்கிள் பம்ப், இன்னொன்றில் வேக்குவம் குழாய். பம்பை அடிக்க அடிக்கப் புகை வந்தது. டப்பாவின் இடுக்கில் வந்தது, பம்பின் பின்பக்கம் வந்தது, என் மூக்கிலிருந்தும் வந்தது. குழாய்க்குள் மட்டும் போக மறுத்தது.

எதிர்வீட்டு மாமி வெளியே வந்தார். புகைமூட்டத்துக்கு நடுவே திறந்த பானெட்டையும் மண்டியிட்ட என்னையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன சார், ஆயுத பூஜை எப்பவோ முடிஞ்சிடுச்சே?"

"டெஸ்ட் பண்றேன் மாமி."

"பண்ணுங்கோ. நம்பிக்கைதான் முக்கியம்."

மாலைக்குள் நிஜமாகவே ஒரு கீறலைக் கண்டுபிடித்தேன். குழாயின் வளைவிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது. (பாதி புகையினால்.) அந்த இடத்தை வெட்டிச் சேர்த்து இறுக்கியதும் பிரேக் பூவாக இறங்கியது! இழுவை மட்டும் துளிகூடத் திரும்பவில்லை. ஆனால் பாதி வெற்றி பெற்றவனைப்போல் அபாயமானவன் உலகத்தில் கிடையாது. மிச்சப் பாதிக்குச் சைலன்சர் ஓட்டைதான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

இந்த நேரத்தில்தான் கௌரிக்கு அந்த ஆர்டர் வந்தது. அஸ்தினாபுரத்தில் ஏழுமலை என்று ஒரு பெரிய மனிதர். அவர் அப்பா காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இப்போது அவருடைய கல்யாண மண்டபம் நிற்கிறது. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் காலை டிபன் இருநூறு பேருக்கு. "இத்த நல்லா பண்ணிக் குட்துட்டீங்கன்னா, மண்டபத்துல வர்ற எல்லா முகூர்த்தத்துக்கும் காலை டிபன் உங்களுதும்மா" என்று சொல்லியிருந்தார். கௌரி ஒரு வாரம் தூங்கவில்லை. சாம்பாருக்கு மல்லியை மூன்று விதமாக வறுத்துப் பார்த்தாள். "வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிடட்டுமா?" என்று என்னைக் கேட்கவும் கேட்டாள். அந்தக் கேள்வி என் கௌரவத்தைத் தொட்டுவிட்டது.

விசேஷத்துக்கு முதல் நாள், பால் பவுடர் டின்னை வெட்டித் தகடாக்கி, சைலன்சரின் ஓட்டை மேல் போர்த்தி, சூடு தாங்கும் பசையை அப்பி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினேன். ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை! வண்டி பூனை மாதிரி நின்றது. கௌரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சத்தமே வரலையே, ஓடுதா?" என்றாள்.

அதுதான் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே அறிவுள்ள கேள்வி. நான் சிரித்தேன்.

விடியற்காலை இட்லி, பொங்கல், வடை, சாம்பார் அண்டாவோடு கிளம்பினோம். தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இருமியது. கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். போகிறபோது பரிதாபமாகத் திரும்பியும் பார்த்தார். கௌரி மடியில் இருந்த சட்னி தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பாலத்தின் இறக்கத்தில் வண்டி நன்றாகவே ஓடியது என்பதைச் சொல்ல வேண்டும்.

அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவை அடையும்போதே நேரம் கடந்திருந்தது. பந்தியில் இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்தாகிவிட்டது. இலை போட்ட பிறகு காத்திருக்கும் உறவினர்களின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஏழுமலை பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டையில் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், இட்லி வருதா, இல்ல இன்னும் மாவே பொங்கலியா?"

எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் வெள்ளத்துக்குப் பயந்து, ரோட்டிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கித்தான் கட்டுவார்கள். வாசலில் கோபுரப் படி மாதிரி செங்குத்தாக ஒரு சரிவு இருக்கும். பந்தி நடக்கும் கார் ஷெட் மேலே இருந்தது. வண்டி கீழே இருந்தது. பாதிச் சரிவில் ஏறி, முனகி, நின்றுவிட்டது.

"தள்ளுங்கப்பா!" என்று அவரே குரல் கொடுத்தார். அவர் மைத்துனர்கள் நாலு பேர் வந்தார்கள். யாரையும் முழுசாக நம்பாதவர் என்பதால் ஏழுமலையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். போய், சரியாகச் சைலன்சர் வாய்க்கு நேராகக் குனிந்து தோள் கொடுத்தார்.

"சார், நல்லா மிதிங்க!"

மிதித்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டியின் அடிவயிற்றில் ஏதோ திரண்டது. பிறகு டமார் என்று ஒரு சத்தம். வண்டிக்குத் திடீரென்று இளமை திரும்பி ஒரே பாய்ச்சலில் மேலே ஏறி நின்றது. பெருமையோடு இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.

ஏழுமலை இருந்த இடத்தில் ஒரு கரிக்கட்டை நின்றது. கண் இரண்டும் பல்லும் மட்டும் வெள்ளை. சட்டை, பட்டு வேட்டி, நேற்றுதான் இரண்டாம் கோட் அடித்த மதில், வாசலை அடைத்துப் போட்டிருந்த கோலம் எல்லாவற்றிலும் கரி. அவர் மார்பில் கருகிப்போன துணி உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டு புகைந்தது. அதைப் பிய்த்தெடுத்துக் கீழே போட்டு, காலால் தேய்த்து அணைத்து, பொறுமையாகப் பிரித்தார். மஞ்சள் பை. கல்யாண வீட்டில் தேங்காய் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற பை. கரிக்கு நடுவில் எழுத்து தெரிந்தது.

படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இன்னா சார் இது? எம் பொண்ணு கல்யாணப் பை!"

கௌரி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கை வந்த அன்று, முடிச்சூரில் பாதிப் பேர் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். மிச்சப் பேருக்குக் காலனி வாட்ஸப் குழுவில் ஒரு யோசனை வந்தது: தண்ணீர் புகாமல் சைலன்சரைத் துணியால் அடைத்து வையுங்கள். நான் வீட்டிலேயே கெட்டியான பையாகத் தேடி எடுத்தேன். (ஏழுமலை வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் போயிருந்தது. எதையும் மட்டமாகச் செய்யாத மனிதர்; பைகூட நல்ல கனம்.) குடைக்கம்பியால் குத்தி, வெளியே தெரியாதபடி ஆழமாகச் சொருகினேன். வெள்ளம் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. பையை எடுக்க வேண்டும் என்ற நினைப்பும் வரவில்லை.

ஆக, அந்த வண்டி இத்தனை நாளாக அந்தத் துரு ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதையும் நான் தகடு போட்டு அடைத்துவிட்டேன்.

"என்னங்க, எதாவது சொல்லுங்க" என்றாள் கௌரி மெதுவாக.

கணக்குப் பிரிவில் எந்தக் குளறுபடிக்கும் பதில் தயாராக வைத்திருந்த என் வாயில், "கல்யாணம் ரொம்ப நல்லா நடந்தது சார்" என்றுதான் வந்தது.

அதற்கு மேல் கௌரி என்னை நம்பவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவை இறக்கச் சொல்லி, பந்திக்குள் நுழைந்து பரிமாறத் தொடங்கினாள். ஏழுமலை குளிக்கப் போனார். மைத்துனர்கள் மதிலைக் கழுவினார்கள். கழுவக் கழுவக் கரி பரவியது. நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சைலன்சரை ஆராய்கிறவன்போல் குனிந்தபடியே இரண்டு பந்தியையும் கடத்தினேன். உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் ஒரே ஆறுதல்.

பிக்கப்பை மறுநாளே பாயிடம் தள்ளிவிட்டேன். மண்டப ஆர்டர் கௌரிக்குக் கிடைத்தது. இன்றைக்கும் ஒரு முகூர்த்தம் விடாமல் நடக்கிறது. விடிவதற்கு முன் மண்டபத்து வேன் எங்கள் வாசலுக்கு வரும். டிரைவர் அண்டாவை ஏற்றுவார், கௌரி முன்னால் ஏறிக்கொள்வாள். நான் கேட்டைத் தாண்டுவதில்லை. அது ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்து. விசேஷம் முடிந்த அன்று மாலை ஏழுமலை போனில் சொன்னதை, எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் கௌரி சொல்லிக்காட்டுவாள்:

"சாம்பார் ஏ ஒன்னும்மா. ஆர்டர் உங்களுக்குத்தான். சாப்பாட்ட எடுக்க நானே வண்டி அனுப்சிட்றேன். அந்த நேரத்துல சார் மட்டும் வூட்ல தூங்கிக்கினு இருந்தாருன்னா போதும்."

அதற்கு அவள் சொன்ன பதிலையும் சேர்த்துத்தான் சொல்வாள்: "அது ஒண்ணுக்கு நான் கியாரண்டிங்க."